மூலநாதர் கோயில், பாகூர்

புதுச்சேரிக்குத் தெற்கே, பெரிய ஏரியை ஒட்டிய பாகூரில் உள்ள சோழர் காலக் கற்றளி. கருவறை, அர்த்தமண்டபம், மகாமண்டபம் என்ற அமைப்பை மட்டும் பார்த்தால், எத்தனையோ சிவன் கோயில்களில் இதுவும் ஒன்று. சுவர்க் கல்வெட்டுகளைப் படித்தால், ஊர் தன் பொதுக் காரியங்களைப் பதிந்துவைத்த இடம் இதுவே என்பது விளங்கும். 10ஆம் நூற்றாண்டில் சோழரிடமிருந்து இப்பகுதி ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கைக்குப் போனது. கன்னரதேவன் என்ற அவன் பெயராலும் இங்கே சாசனங்கள் பொறிக்கப்பட்டன. அரசு மாறியும் ஊர் நிர்வாகத்தைக் கவனித்த சபை கலையவில்லை. நிலம், கொடை, ஏரிப் பராமரிப்பு பற்றிய அதன் முடிவுகள் அதே சுவரில் தொடர்ந்தன. கோயிலை அரசனின் பெருமைச் சின்னமாக மட்டும் காண்பது போதாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இக்கோயில் ஊரின் பொதுமனையாகவும் இருந்தது. வியட்நாமின் ஊர்ப் பொதுமனையான ‘டின்’னிலும் காவல் தெய்வ வழிபாடு, ஊர்க்கூட்டம், திருவிழா மூன்றும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. 1736இல் முடிந்த டின் பாங் ஊரின் பொதுமனை மரத்தூண்கள் தாங்கும் அகன்ற கூரைக்கட்டடம். இங்கோ கல், அதனால் கட்டடமே ஆவணமாகவும் ஆயிற்று. பாகூருக்கு அருகே இதே பணியைத் திருபுவனை வரதராசப் பெருமாள் கோயிலும் செய்தது. 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரிக்கான ஏற்பாட்டை 1048ஆம் ஆண்டுச் சாசனம் அங்கே சொல்கிறது; அவர்களுக்குச் சபையின் வாரியப் பணியிலிருந்து விலக்கும் உண்டு. பாகூரில் கல்வி அதற்கும் பழையது: பல்லவன் நிருபதுங்கனின் 8ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடுகள் இவ்வூர் வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டதைக் கூறுகின்றன.

பாகூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர்; அதன் சபை நிலமுடைய பிராமணரின் அவை. அதன் இடத்தை ஊர்ப் பொதுமனை எனலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. உழுதவர்களுக்கு அச்சபையில் இடமில்லை. அதை மறைத்து இதை மக்களாட்சி என்று கொண்டாடுவது தவறு. வியட்நாமியப் பொதுமனையிலும் பெண்களுக்கு இடமில்லை, ஆண்களும் தகுதி வரிசைப்படியே அமர்ந்தனர். ஆனால் சபை பராமரித்த ஏரியின் நீர் ஊர் வயல்களுக்கெல்லாம் பாய்ந்தது. எல்லாரையும் கட்டுப்படுத்திய முடிவுகள் பதிவான இடம் என்ற பொருளில் இது பொதுமனைதான். இக்கல்வெட்டுகளைப் பாகூர்ப் புலவர் சு. குப்புசாமி திரட்ட, கோ. விஜயவேணுகோபால் பதிப்பித்த புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுகள் என்ற தொகுதி 2006இல் வெளிவந்தது.