மீட்டும் தகட்டின் வரலாறு

இசைக்கருவிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கருவியின் உடலையே பேசுவர். எந்த மரத்தால் ஆனது, எத்தனை தந்திகளை உடையது, குடம் எவ்வளவு பெரியது என்றெல்லாம் ஆராய்வர். தந்தியைத் தீண்டி ஒலிக்கச் செய்யும் பொருளைப் பற்றி ஆராய்வோர் மிகச் சிலரே. ஆயினும் ஒரே கருவியை விரலால் மீட்டும்போது எழும் ஒலி வேறு. கம்பி வளையத்தால் மீட்டும்போது எழும் ஒலி வேறு. ஒலியின் உருவத்தை வகுப்பதில் தந்திக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதனைத் தீண்டுவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு பங்கு உண்டு.

இவ்வுண்மை மலையகத் தமிழருக்குப் புதியதன்று. கண்டி நகருக்குத் தென்கிழக்கே, கண்டி அரசர் காலத்தில் தலைநகரை அண்டிய நிலப்பிரிவுகளுள் ஒன்றாய் விளங்கிய ஹேவாஹெட்ட என்னும் மலைநாடு உள்ளது. அதனை அடுத்த லூல்கந்துர தோட்டத்திலே 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். இலங்கைத் தேயிலைத் தொழிலின் தொடக்கம் அதுவே. அம்மலைகளுக்கு உழைக்க வந்த மக்கள் தம்மோடு தப்பினையும் கொண்டு வந்தனர். தப்பு அடிப்பவர் இரு கைகளிலும் ஒரே வகைக் குச்சியைப் பிடிப்பதில்லை. ஒரு கையில் குட்டையான தடித்த குச்சி. மறு கையில் நீண்டு மெலிந்த குச்சி. முன்னது ஆழ்ந்த ஓசையையும் பின்னது கூர்மையான ஓசையையும் எழுப்புகின்றன. தோல் ஒன்றே, குச்சிகள் இரண்டு, குரலும் இரண்டு. காமன் கூத்து நடக்கும் இரவுகளில் இதனைக் காதால் அறியாத மலையகத்தார் இலர்.

இக்காலத்தில் அதே மலைகளில் உள்ள இளைஞர் கிற்றாரையும் பேஸ் கிற்றாரையும் பழகுகின்றனர். பேஸ் கிற்றார் என்பது சாதாரண கிற்றாரினும் ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிக்கும் மின்கருவி. அதனை விரலால் மீட்டலாம்; 'பிக்' என வழங்கும் சிறு தகட்டாலும் மீட்டலாம். எத்தகைய பிக்கைத் தேர்வது என்பது பழகுவோரின் முதற் கேள்விகளுள் ஒன்று. கேள்வி சிறிதாயினும் அதன் பின்னே ஈராயிரம் ஆண்டு வரலாறு இருக்கின்றது. அவ்வரலாற்றின் பெரும்பகுதி இலங்கைக் கடற்கரையையும் தொட்டுச் செல்கின்றது.

பழந்தமிழரின் யாழ் விரலால் வாசிக்கப்பட்டது. யாழ் நரம்பின்மேல் விரல்கள் செய்யும் தொழில்களை வார்தல், உறழ்தல், உருட்டல் முதலாக எட்டாகப் பகுத்துச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. மட்டக்களப்புக் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட யாழ் நூல், மறைந்துபோன அக்கருவிகளின் இலக்கணத்தை மீட்டுத் தந்தது. விரல் ஒன்றினாலேயே எட்டுவகைத் தொழில் காண முடிந்த மரபு தமிழருடையது.

பிற நாட்டார் வேறு வழி கண்டனர். கிரேக்கர் தம் யாழை மீட்டுவதற்கு ஒரு சிறு கருவியைக் கையிற் பிடித்தனர். அதற்கு அவர் இட்ட பெயரே 'பிளெக்ட்ரம்' என இன்றும் வழங்குகின்றது. அரபு நாட்டார் ஊத் என்னும் கருவியைக் கழுகின் இறகுத் தண்டினால் மீட்டினர். அம்மீட்டுகோலுக்கு அவர் இட்ட பெயரும் இறகு எனப் பொருள்படும் 'ரீஷா' என்பதே. வட இந்தியாவில் சித்தார் வாசிப்போர் விரலிற் கம்பி வளையத்தை அணிகின்றனர். சரோத் வாசிப்போர் தேங்காய்ச் சிரட்டையிற் செதுக்கிய தகட்டைப் பிடிக்கின்றனர். தத்தம் நாட்டிற் கிடைத்த பொருள்களுள் மெலிதாயும் முறியாததாயும் உள்ளதை ஒவ்வொரு மக்களும் தெரிந்துகொண்டனர்.

இப்பொருள்களுள் ஐரோப்பியர் மிகச் சிறந்ததெனக் கொண்டது ஆமையோடு. கடலாமைகளுள் அழுங்காமை என்னும் இனத்தின் முதுகை மூடியிருக்கும் 13 பெருந்தகடுகளே வணிகத்தில் ஆமையோடு எனப்பட்டன. மனிதரின் நகம் எப்பொருளால் ஆனதோ அவ்வினத்துப் பொருளால் ஆனவை அவை. ஆகையால் விறைப்பும் நெகிழ்வும் ஒருங்கே அமைந்திருந்தன. சூடேற்றினால் வளையும், தேய்த்தால் கண்ணாடிபோல் மெருகேறும். அம்மெருகினால் தகடு தந்தியில் உராயும் இரைச்சல் குறைந்து, தூய ஒலி மட்டும் எஞ்சியது. இத்தாலிய மண்டலின் வாசிப்போரும், பின்னர்க் கிற்றார் வாசிப்போரும் இதனைப் பெரிதும் விரும்பினர்.

அழுங்காமை இலங்கைக் கரைக்கு முட்டையிட வரும் உயிர்களுள் ஒன்று. ஆமையோட்டு வணிகத்தில் இத்தீவின் பெயர் மிகப் பழமையானது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுந்த பெரிபுளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், இத்தீவிலிருந்து கிடைக்கும் பண்டங்களாக முத்து, மணிக்கற்கள், மெல்லிய துணி ஆகியவற்றோடு ஆமையோட்டையும் குறிப்பிடுகின்றது. அதற்கு முன்பே ஸ்திராபோ என்னும் கிரேக்கப் புவியியலாளர், யானைத் தந்தமும் ஆமையோடும் இங்கிருந்து இந்தியச் சந்தைகளுக்குச் சென்றதை எழுதிவைத்தார். ஆங்கிலேயர் காலத்தில் கரையோரச் சிங்கள ஆடவர் தலையில் அணிந்த வளைந்த சீப்புகள் ஆமையோட்டால் ஆனவை. காலி நகர் அவ்வேலைப்பாட்டிற்குப் பெயர் பெற்றிருந்தது.

அழகிய இப்பொருளின் மறுபக்கம் கொடியது. 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராய் இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ட், 1859ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் அதனை விளக்கியுள்ளார். ஆமை இறந்து உடல் அழுகிய பின் எடுத்த ஓடு நிறம் மங்கி வெண்மை படரும். ஆதலால் முட்டையிடக் கரையேறிய ஆமையை உயிரோடு பிடித்து, நெருப்பின்மேல் தொங்கவிட்டு, வெப்பத்தால் தகடுகள் எலும்பைவிட்டு எழும்பியதும் அவற்றை உரித்தெடுத்து, உயிரை மீண்டும் கடலில் விட்டனர். அதே நூல் மற்றொரு செய்தியையும் தருகின்றது. ஒல்லாந்த அதிகாரி ஒருவர் ஓர் ஆமையின் துடுப்பில் வளையமிட்டு விட்டிருந்தார். 30 ஆண்டுகளின் பின், 1826இல், அம்பாந்தோட்டைக்கு அண்மையில் அவ்வாமை வளையத்தோடு பிடிபட்டது. பிறந்த கரையை நாடி மீண்டும் மீண்டும் வரும் அவ்வியல்பே அதனை மனிதரின் கையிற் சேர்த்தது.

மாற்றுப் பொருள் ஒன்று முதலிற் கிடைத்தது இரக்கத்தினால் அன்று; மலிவினால். அமெரிக்காவில் யானைத் தந்தத்திற்கு ஈடான பொருளொன்றைத் தேடிய ஜோன் வெஸ்லி ஹயற் என்பார், பஞ்சிலிருந்து பெற்ற நைத்திரோசெலுலோசைக் கர்ப்பூரத்தோடு கலந்து செலுலோயிட் என்னும் பொருளை ஆக்கி, 1870இல் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். அது எளிதில் தீப்பற்றும் குறையுடையது. ஆனால் சாயமேற்றி எப்பொருள்போலவும் தோன்றச் செய்யலாம். 1922ஆம் ஆண்டளவில் நியூயோர்க்கில் லூயிஜி டி'அன்றியா என்பவர் செலுலோயிட் தகட்டை அச்சால் வெட்டிப் பிக்குகளைச் செய்து விற்கத் தொடங்கினார். இன்று கடைகளிற் காணும் மூன்று மூலை மழுங்கிய வடிவங்கள் அக்காலத்தில் நிலைபெற்றவையே. பழுப்பும் மஞ்சளும் கலந்த புள்ளி நிறத்தில் இன்றும் பிக்குகள் செய்யப்படுவது ஆமையோட்டைப் போலத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே.

இவ்விடத்திலே பேஸ் கிற்றார் வரலாற்றினுட் புகுகின்றது. அதற்கு முன் மேனாட்டு இசைக்குழுக்களில் அடித்தள ஒலியைத் தந்தது ஆளுயரத்தினும் பெரிய டபிள் பேஸ். அதனைச் சுமப்பதும் கடினம். பெருங்கூட்டத்தில் அதன் ஒலி கேட்பதும் அரிது. 1951ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் லியோ ஃபென்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் இக்குறைகளை நீக்கியது. அதன் தந்தியின் நீளம் 34 அங்குலம். மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். கட்டைவிரலால் மீட்டுவதற்கு வசதியாகத் தந்திகளின் கீழே விரல்தாங்கி ஒன்றையும் ஃபென்டர் அமைத்தார். பிக் அவர் கருத்தில் முதன்மை பெறவில்லை.

கருவியை ஆக்கியவர் நினைத்த வழியில் கலைஞர் எப்போதும் செல்வதில்லை. கிற்றாரிலிருந்து பேஸுக்கு மாறியோர் தம் கையிலிருந்த பிக்கையும் உடன் கொண்டு வந்தனர். லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் கிற்றார் வாசித்துவந்த கரோல் கே என்னும் அம்மையார், 1963 அளவில் பேஸுக்கு மாறியபோது தடித்த பிக்கையே பயன்படுத்தினார். பீற்றில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி 1961இல் ஹம்பேர்க் நகரில் வாங்கிய ஹொஃப்னர் பேஸைப் பிக்கினால் வாசித்தார். அதே காலத்தில் டெட்ரோயிட் நகரில் ஜேம்ஸ் ஜாமர்சன் வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே வாசித்துப் புகழ் பெற்றார். இம்மூவருள் ஒருவரை மேலென்றும் மற்றொருவரைத் தாழ்வென்றும் சொல்வதற்கில்லை. விரல் தந்தியை மெதுவாய் விடுவிப்பதால் ஒலி உருண்டு வருகின்றது; தகடு ஒரு நொடியில் விடுவிப்பதால் ஒவ்வோர் எழுத்தும் தனித்துத் தெளிவாய்க் கேட்கின்றது. தமிழ்த் திரையிசையில் பேஸ் கிற்றாருக்குத் தனி இடம் தந்த இளையராஜாவின் பாடல்களைச் செவி கொடுத்துக் கேட்போர், அடித்தள ஒலியில் தெளிவு எத்துணை இன்றியமையாதது என்பதை உணர்வர். தகட்டினால் நம் இசையின் கமகம் கெடும் என்று அஞ்சுவோருக்கு மண்டலின் ஸ்ரீநிவாஸ் அவர்களின் கருநாடக இசையே விடையாகும். அவர் கையிலிருந்ததும் பிக்கே.

இதற்கிடையில் ஆமையோட்டின் காலம் முடிவுக்கு வந்தது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை 1973இல் வாசிங்டனில் உருவாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது. 1977ஆம் ஆண்டிலிருந்து அழுங்காமை முழுவதும் அதன் முதற் பட்டியலில் இடம்பெற்று, அதன் ஓட்டின் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டது. இலங்கை 1972இலேயே கடலாமைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. 1979இல் உலக உடன்படிக்கையிலும் சேர்ந்தது. ஆமையோட்டைப் பெருமளவில் வாங்கிய யப்பான் 1992ஆம் ஆண்டின் இறுதியோடு இறக்குமதியை நிறுத்தியது. ஆயினும் சேதம் பெரிதாயிருந்தது. 1996இல் அழுங்காமை மிகக் கடுமையான அழிவு ஆபத்தில் உள்ள இனமென உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் வகைப்படுத்தப்பட்டது.

ஆமையோடு போனதால் இசை குன்றியதா? குன்றவில்லை. நைலோனும் வேறு பிளாஸ்டிக் வகைகளும் அவ்விடத்தை நிரப்பின. 1981இல் டன்லொப் நிறுவனம் வெளியிட்ட டோர்டெக்ஸ் என்னும் பிக், ஆமையோட்டின் இயல்பைச் செயற்கைப் பொருளில் காணும் முயற்சியாய் எழுந்தது. அதன் பெயரிலேயே ஆமையின் நினைவு உண்டு. தடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் வகுத்ததனால் தேர்வோர்க்கும் எளிதாயிற்று.

இனித் தேர்வு முறையைச் சுருங்கக் காணலாம். முதலிற் கருதத்தக்கது தடிப்பு. பேஸின் தடித்த தந்தி ஏறத்தாழ 2.6 மில்லிமீற்றர் விட்டமுடையது. கிற்றாரின் தடித்த தந்தியினும் இருமடங்கு பெரிது. 0.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள மெல்லிய பிக் அத்தந்தியின்முன் தானே வளைந்துவிடும். தந்தி முழுதாய் அசையாது. தகட்டின் 'டிக்' என்னும் ஓசையே முந்தி நிற்கும். எனவே பேஸுக்கு 0.8 மில்லிமீற்றருக்கு மேற்பட்டதையே பெரும்பாலோர் நாடுவர். ஒரு மில்லிமீற்றரும் அதற்கு மேற்பட்டதும் தந்தியை உறுதியாய்த் தள்ளும். இரண்டாவது முனை. கூர்முனை பளிச்சென ஒலிக்கும். மழுங்கிய முனை ஒலியைத் தடிப்பாக்கும். அதனாலேயே பெரிய முக்கோணப் பிக்குகளை விரும்புவோர் பலர். அவை கையிலிருந்து எளிதில் நழுவுவதுமில்லை. ஒரு முனை தேய்ந்தால் மறுமுனை பயன்படும். மூன்றாவது பொருள். நைலோன் மிருதுவாய் ஒலிக்கும். கெட்டியான பிளாஸ்டிக் கூர்மை தரும். கம்பளியை அழுத்திச் செய்யும் ஃபெல்ட் பிக் விரலுக்கு நெருங்கிய ஒலியைத் தரும்.

மலைநாட்டிலே வேறு பொருள்களும் கையருகே உள்ளன. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில், கண்டிக் கைவினைஞரின் தந்த, எலும்பு, கொம்பு வேலைகளையும் ஆராய்ந்துள்ளார். எருமைக் கொம்பும் ஆமையோட்டைப் போல நகத்தினத்துப் பொருளே. அதற்காக எக்கடலுயிரையும் நெருப்பில் வாட்ட வேண்டுவதில்லை. கொம்பினாலும் சிரட்டையினாலும் செய்த பிக்குகள் உலகில் இன்றும் விற்பனையாகின்றன. சிரட்டையை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, ஓரங்களை உருட்டினால், அதுவும் பேஸுக்கு ஏற்ற தடித்த பிக் ஆகும்.

ஆகவே ஹேவாஹெட்டவிலோ வேறெந்த ஊரிலோ பேஸ் கிற்றார் பழகும் ஒருவர், மூன்று நான்கு வகைப் பிக்குகளை வாங்கி, ஒரே பாட்டை ஒவ்வொன்றாலும் வாசித்துப் பார்த்து, செவிக்கு இசைவதைக் கொள்வதே நன்று. விலை சிறிது, பயன் பெரிது. பழைய ஆமையோட்டுப் பிக் உயர்ந்ததென்று கூறி விற்க முற்படுவோரிடம் மட்டும் ஏமாறலாகாது. அத்தகட்டிற்குத் தேவைப்பட்டது, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த கரைக்குத் திரும்பி வந்த ஓர் உயிரின் முதுகு. அவ்விலையைக் கொடாமலே இனிய ஒலியைப் பெறும் வழி இன்று எவர்க்கும் திறந்திருக்கின்றது.