பாட்டா, வாய்ப்பாடா?

பாண்டியர் மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்த செய்தியைச் சொல்லும் 10-ஆம் நூற்றாண்டுச் செப்பேடு சின்னமனூரில் கிடைத்தது. அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை. ஒருவழியாகப் போய்ப் பார்த்தேன். ஆனால் அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட சரித்திரப் பாடம் செப்பேட்டிலிருந்து வரவில்லை. பக்கத்து ஓடைப்பட்டியில், ஒரு திராட்சைப் பந்தலின் கீழே, ஒரு பாட்டியிடமிருந்து வந்தது.

மாலை நேரம். பாட்டி குலைகளில் அழுகலைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பேத்தி, ஐந்தாம் வகுப்புப் படிக்கிறவளாம். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, மூச்சு விடாமல் எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டி சற்று நேரம் கேட்டாள். பிறகு, "ஏந் தாயி, நீ சொல்றது பாட்டா, வாய்ப்பாடா?" என்றாள்.

"பாட்டுத்தான் அம்மாச்சி! நடுவுல பேசாத, மறந்துபோகும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே அடங்கியும் விட்டது. நானும் இப்படித்தானே படித்தேன்? ஒரு செய்யுளில் ஒரு சீரை விழுங்கிவிட்டதற்காக உள்ளங்கையில் வாங்கிய பிரம்படி இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தச் செய்யுள்தான் ஞாபகம் இல்லை! பாட்டு எப்பொழுது வாய்ப்பாடாக மாறியது என்று யோசித்துக்கொண்டே ஊர் திரும்பினேன்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடம் எப்படி நடந்தது என்பதை அறிய, 1855-இல் பிறந்த டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நமக்குப் பெரிய துணை. விடியற்காலையிலேயே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட வேண்டும். வாய்க்காலுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு, வரும்போது துணியில் மணலை அள்ளி வர வேண்டும். அந்த மணலைப் பரப்பி அதன்மேல் விரலால் எழுதினார்கள். சட்டாம்பிள்ளை ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து சொன்னார்கள். மாலையில் வீட்டுக்குப் போகுமுன் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ உபாத்தியாயர் சொல்லி அனுப்புவார். மறுநாள் அதை மறவாமல் வந்து சொல்ல வேண்டும். நவராத்திரி வந்தால் கோலாட்டக் கோலுடன் வீடு வீடாகப் பாடிச் சென்று உபாத்தியாயருக்குப் பணம் சேர்ப்பதும் பிள்ளைகள்தாம்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்குச் செய்யுள் விரலில் இருந்தது, வாயில் இருந்தது, காலிலும் இருந்தது. ஔவையாரின் ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் அகர வரிசையில் அமைந்தவை. ஆகவே எழுத்தைக் கற்கும்போதே பாட்டும் கூட வந்தது. அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம் ஆகிறது. ஏடு கையில் இல்லாதபோதும் பாட்டைப் பிடித்துக்கொண்டு நடக்க நம் முன்னோர் கட்டிய கைப்பிடிச் சுவர் அது.

இந்த மணலின் பெருமையைக் கண்டு வியந்தவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 1789-இல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அதைத் தம் விடுதியில் புகுத்தினார்; பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் அங்கே வகுத்துக்கொண்டார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. மணல் கப்பலேறிப் போயிற்று. அதில் எழுதிய பாட்டு மட்டும் இங்கேயே நின்றுவிட்டது!

பழமை என்றாலே தேன் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் திண்ணையில் பிரம்பு ஓயாது. பொருள் விளங்காமலே நெட்டுருப் போட்டதும் உண்டு. அதைவிடப் பெரிய குறை, திண்ணையில் ஏற முடியாதவர்களின் கூட்டம். 1822-இல் சென்னைக் கவர்னர் தாமஸ் மன்றோ ஜில்லாக் கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். மாகாணம் முழுவதற்கும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. அத்தனை பேரில் பெண் குழந்தைகள் 4,540 பேர்தாம்! வீட்டில் படித்தவர்களைச் சேர்த்தாலும், தாழ்த்தப்பட்ட குடிகளின் பிள்ளைகளுக்கு எங்கும் இடம் அரிதாகவே இருந்தது.

1854-க்குப் பிறகு சர்க்கார் மானியமும் இன்ஸ்பெக்டரும் அச்சுப் புத்தகமும் வந்தன. கதவு கொஞ்சம் கொஞ்சமாக எல்லோருக்கும் திறந்தது. அது பெரிய நன்மை. ஆனால் எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ அதற்கேற்ப மானியம் என்ற ஏற்பாடும் கூட வந்தது. இன்ஸ்பெக்டருக்கு முன்னால் பிள்ளை தப்பில்லாமல் ஒப்பித்தால் உபாத்தியாயருக்குச் சோறு. அந்த நிலையில் ராகம் எதற்கு, கைத்தாளம் எதற்கு? நெட்டுரு மட்டும் தங்கியது; கையும் காலும் விடைபெற்றன. பாட்டு வாய்ப்பாடான கதை இதுதான்.

பாட்டை மீட்கப் பாடுபட்டவர்களும் உண்டு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் அழ. வள்ளியப்பாவும் குழந்தைகள் ஆடிப் பாடத் தக்க பாட்டுகளைத் தந்தார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலும், 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் வந்து, கீழ் வகுப்புகளில் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் இடம் கொடுத்திருக்கின்றன. மேல் வகுப்புக்குப் போகப் போகத்தான் 'மனப்பாடப் பகுதி' என்ற தலைப்பு வந்து குழந்தையை நாற்காலியோடு கட்டிப்போடுகிறது.

ஆத்திசூடியைப் பாரதியார் 'புதிய ஆத்திசூடி'யாகப் பாடினார். பாரதிதாசனும் தமக்கென ஓர் ஆத்திசூடி பாடினார். பழைய பாத்திரத்தில் புதுப் பால் ஊற்றலாம் என்று இரண்டு கவிஞர்களே காட்டியிருக்கும்போது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஏன் ஊற்றக் கூடாது?

அன்று மாலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பாட்டி பள்ளிக்கூடப் படியை மிதித்தவள் அல்ல. அந்த 4,540-க்கு வெளியே நின்ற எண்ணற்ற பெண்களின் வாரிசு. ஆனால் நடவுப் பாட்டும் தாலாட்டும் அவளிடம் கணக்கில்லாமல் இருந்தன. "ஒரு அடி சொல்லு தாயி, மெதுவா" என்றாள். பேத்தி சொன்னாள். பாட்டி குலையைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தட்டிப் பார்த்தாள். இரண்டு முறை தப்பியது; மூன்றாம் முறை தாளம் சரியாக விழுந்தது. பேத்தி கண்ணைத் திறந்தாள்.

நான், "உங்கள் தோட்டத்துக்கு ஓர் ஆத்திசூடி எழுதேன்" என்று கிளப்பிவிட்டேன். பேருக்கேற்ற ஊர் அல்லவா? ஓடை மணல் பக்கத்திலேயே கிடந்தது. பேத்தி அதில் விரலால் எழுதத் தொடங்கினாள். 'க'வுக்குக் கவாத்து வந்தது. 'ப'வுக்குப் பந்தல் வந்தது. 'ஔ'வுக்கு என்ன போடுவது என்று இருவரும் வெகு நேரம் வாதாடினார்கள். எனக்குப் பஸ் வந்துவிட்டது.

நான் எழுந்தபோது பேத்தி பாடப் புத்தகத்துப் பாட்டை மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டி தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அது வாய்ப்பாடு மாதிரி இல்லை.