மணி மூன்றே கால்

என் தாத்தா காலமான முதல் வருஷத்தில் எங்கள் வீட்டில் ஒரு சிறு சச்சரவு நடந்தது. அவர் போன அன்று பிற்பகல் நாலு மணிக்குச் சஷ்டி முடிந்து சப்தமி பிறந்திருந்தது. இரவு வந்து பார்த்த டாக்டர் உத்தேசமாக எழுதிக் கொடுத்த காகிதத்தில் மூன்றரை மணி என்று இருந்தது. ஆகவே சிராத்தம் சஷ்டியில்தான் என்று பெரியப்பா முடிவு கட்டிவிட்டார். பாட்டி ஒப்பவில்லை.

"நாலரை மணிக்கு நான் அவர் வாயிலே ஜலம் விட்டேன். ரெண்டு வாய் குடிச்சார். மூணரைக்குப் போனவர் நாலரைக்கு எப்படிடா குடிப்பார்?"

"ஒரு நாள் முன்னே பின்னே ஆனால் என்ன அம்மா? காகிதத்தில் இருக்கிறதே!"

"உனக்கு ஒரு நாள் தள்ளிப் போறது, அவ்வளவுதான். எனக்கு அவர் பக்கத்திலே இருந்த கடைசி ஒரு மணி நேரமே இல்லேன்னு ஆயிடும்டா" என்றாள் பாட்டி.

பெரியப்பா அப்புறம் வாய் திறக்கவில்லை. சிறுவனாக இருந்த எனக்கு இது கிழவியின் பிடிவாதமாகவே தோன்றியது. அது வெறும் பிடிவாதம் அல்ல என்று எனக்கு உணர்த்தியது, பல வருஷங்களுக்குப் பிறகு நான் படித்த ஒரு கால்பந்து ஆட்டத்தின் சரித்திரம்.

இங்கிலாந்தில் லிவர்பூல் ஒரு பழைய துறைமுக நகரம். கால்பந்து அங்கே தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் பிதிரார்ஜிதம். சிவப்புச் சட்டை லிவர்பூல் கட்சி ஒன்று. நீலச் சட்டை எவர்டன் கட்சி மற்றொன்று. 1892-ல் ஆன்ஃபீல்டு மைதானத்தை விட்டு எவர்டன்காரர்கள் வெளியேறியதால்தான் லிவர்பூல் கட்சியே பிறந்தது. பாகப் பிரிவினையில் பிறந்த பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரே வீட்டில் அண்ணன் சிவப்பும் தம்பி நீலமுமாக இருப்பார்கள்.

1989-ஆம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி, சனிக்கிழமை. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் அரை இறுதி ஆட்டம். அந்தக் காலத்தில் ரசிகர்கள் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் ஆட்டம் பார்த்தார்கள். கலகக்காரர்கள் உள்ளே குதிக்காமல் இருக்க, நிற்கும் இடத்தை ஆட்டுப்பட்டிபோல் இரும்பு வேலியால் அடைத்திருந்தார்கள். மூன்று மணி ஆட்டத்துக்கு வெளியே கூட்டம் நெருக்கியது. மணி 2.52-க்குப் போலீஸ் உத்தரவில் ஒரு பெரிய கதவு திறக்கப்பட்டது. உள்ளே வந்தவர்கள் எதிரே தெரிந்த சுரங்கப் பாதை வழியாக, ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப் பட்டிகளுக்குள் போனார்கள். அவர்களை ஓரப் பட்டிகளுக்குத் திருப்பிவிட அங்கே யாரும் இல்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் வேலியோடு வேலியாக நசுங்கினார்கள். 3.06-க்கு ஆட்டம் நின்றது. ரசிகர்களே விளம்பரப் பலகைகளைப் பிய்த்து, அவற்றில் கிடத்தி, விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்று மாண்டவர்கள் 94 பேர். பின்னால் இந்தக் கணக்கு 97 ஆயிற்று. கடைசியாகச் சேர்ந்தவர் முப்பத்திரண்டு வருஷம் அந்தக் காயத்தோடு வாழ்ந்து, 2021-ல் இறந்தவர். மாண்டவர்களில் மிக இளையவனுக்கு வயது 10. மிக மூத்தவருக்கு 67.

மறுநாளே ஆன்ஃபீல்டு மைதானத்தைத் திறந்துவிட்டார்கள். ஜனங்கள் வரிசை வரிசையாக வந்து கோல் கம்பங்களுக்கு அடியில் பூக்களை வைத்தார்கள். சில நாளில் பச்சைப் புல்லில் பாதி, பூவுக்குள் மறைந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை எவர்டன் மைதானத்துக்கும் ஆன்ஃபீல்டுக்கும் இடையே, நடுவில் உள்ள பூங்காவின் குறுக்காக, கழுத்துத் துணிகளை ஒன்றோடொன்று முடிந்து ஏறத்தாழ ஒரு மைல் நீளத்துக்குக் கட்டினார்கள். சிவப்பும் நீலமும் கலந்தே இருந்தன. நம்மிடையிலும் சாவு வீட்டில் பங்காளிகள் பகை பாராட்டுவதில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதப் புகுந்திருக்கமாட்டேன். துக்கம் கேட்பது எங்கும் உள்ளதுதான்.

அன்றிரவு பிள்ளைகளைத் தேடி ஷெஃபீல்டுக்குப் போன பெற்றோரிடம், "உங்கள் பையன் குடிப்பானா?" என்று போலீஸார் கேட்டார்கள். மாண்ட ஒவ்வொருவர் உடலிலும், குழந்தைகள் உள்பட, மது இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். நாலாம் நாள் லண்டன் பத்திரிகை ஒன்று, 'உண்மை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டு, ரசிகர்கள் பிணங்களின் பையில் திருடினார்கள் என்று எழுதியது. அது பொய். அதே வருஷம் வெளிவந்த நீதிபதி டெய்லரின் இடைக்கால அறிக்கை, போலீஸ் நிர்வாகம் தவறியதே முக்கிய காரணம் என்று சொல்லிற்று. இருந்தும் பழி போகவில்லை.

இங்கேதான் அந்த மணிக்கணக்கு வருகிறது. மரண விசாரணை நடத்திய அதிகாரி ஓர் எல்லைக்கோடு கிழித்தார். மாண்டவர்கள் அத்தனை பேரும் பிற்பகல் 3.15-க்குள் பிழைக்க முடியாத நிலையை அடைந்துவிட்டார்கள், ஆகவே அதற்கு மேல் நடந்ததை விசாரிக்க வேண்டியதில்லை என்றார். ஆம்புலன்ஸ்கள் ஏன் உள்ளே வரவில்லை, யார் யாரைக் காப்பாற்றியிருக்கலாம் என்ற கேள்விகள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு அப்பால் போய்விட்டன. 1991-ல், விபத்தால் நேர்ந்த மரணம் என்று தீர்ப்பாயிற்று.

ஆன் வில்லியம்ஸ் என்ற அம்மாளின் 15 வயது மகனும் அவர்களில் ஒருவன். அவளுடைய கணக்கு வேறாக இருந்தது. ஆட்டம் பார்க்க வந்திருந்த, அன்று வேலையில் இல்லாத ஒரு போலீஸ்காரர், 3.15-க்கு வெகுநேரம் கழித்துப் பையனின் நாடி துடித்ததைக் கண்டிருந்தார். நாலு மணி சுமாருக்கு அவன் கண்ணைத் திறந்து "அம்மா" என்றான் என்று அவனைத் தாங்கியிருந்த ஒரு பெண் போலீஸ் சொன்னார். விபத்து என்று எழுதிய மரணச் சான்றிதழை வாங்க அந்தத் தாய் மறுத்துவிட்டாள். மனுமேல் மனுவாகப் போட்டாள். மனுக்கள் திரும்பித் திரும்பி வந்தன.

நகரமும் சும்மா இருக்கவில்லை. வருஷந்தோறும் ஏப்ரல் 15 அன்று ஆன்ஃபீல்டில் கூடி, மாண்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து வந்தார்கள். 2009-ல், இருபதாவது வருஷ நினைவு நாளில், மந்திரி ஆண்டி பர்னம் அரசாங்கத்தின் சார்பில் பேச எழுந்தார். அவர் எவர்டன் ரசிகர். பேச்சின் நடுவே ஒரு மூலையிலிருந்து, "தொண்ணூற்றாறு பேருக்கும் நீதி!" என்று ஒரு குரல் எழுந்தது, அடுத்த நிமிஷம் மைதானம் முழுவதும் அதையே முழங்கியது. மந்திரி பேச்சை நிறுத்திவிட்டுத் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முழக்கத்தின் பலனாகச் சுயேச்சைக் குழு ஒன்று அமைந்தது. நாலரை லட்சம் பக்கத் தஸ்தாவேஜுகளைப் பார்த்து, 2012 செப்டம்பரில் அது அறிக்கை வெளியிட்டது. 164 போலீஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன. அவற்றில் 116-லிருந்து போலீஸுக்குப் பாதகமான வரிகள் நீக்கப்பட்டிருந்தன. 3.15 என்ற கோட்டுக்கு ஆதாரம் இல்லை. தக்க சமயத்தில் சிகிச்சை கிடைத்திருந்தால் 41 பேர் பிழைத்திருக்கக்கூடும்.

அந்த டிசம்பரில் பழைய தீர்ப்புகளை ஹைகோர்ட்டு ரத்துச் செய்தபோது ஆன் வில்லியம்ஸ் புற்றுநோயால் நலிந்து சக்கர நாற்காலியில் இருந்தாள். 2013 ஏப்ரல் 15 நினைவு நாளுக்கும் வந்திருந்தாள். மூன்றாம் நாள் காலமானாள். 2016 ஏப்ரல் 26 அன்று புதிய ஜூரி, இவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள், ரசிகர்கள்மீது பிழையில்லை என்று சொன்னபோது அதைக் கேட்க அவள் இல்லை.

இதற்காக ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை. அப்படியானால் இருபத்தேழு வருஷம் போராடி என்ன கண்டார்கள் என்று கேட்கலாம். போனவர்களுக்கு அவர்களுடைய கடைசி நேரத்தைத் திருப்பி வாங்கிக் கொடுத்தார்கள். குடிவெறியில் செத்தவன் என்று ஊர் ஏசிய பிள்ளை, ஆட்டம் பார்க்கப் போன வெறும் பிள்ளையாக மீண்டும் வீட்டுக்கு வந்தான். நினைவு நாள் என்பது அழுவதற்கு மட்டும் அல்ல, கண்டவர்கள் கண்டதைச் சொல்லிக்கொண்டே இருப்பதற்கும்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

பாட்டியும் பெரியப்பாவும் இன்று இல்லை. தாத்தாவுக்குச் சிராத்தம் சப்தமியில்தான் நடக்கிறது. சென்ற வருஷம் பெரியப்பாவின் பேரன் பழைய காகிதம் ஒன்றை எடுத்து வந்து, "இதில் மூன்றரை என்று போட்டிருக்கிறதே, சித்தப்பா? சஷ்டி அல்லவா?" என்று கேட்டான்.

அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, பாட்டி விட்ட இரண்டு வாய் ஜலத்தைப் பற்றிச் சொன்னேன்.