தொழில்துறைப் பொருள் விற்பனைப் பணி (திருத்தணி வட்டாரம்)

பேரிங், வி-பெல்ட், போல்ட், வெல்டிங் ராடு, கையுறை முதலியவற்றை ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் நேரில் சென்று விற்கும் வேலை. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை விசைத்தறிக் கூடங்களும் அரிசி ஆலைகளும் இவ்வட்டாரத்தின் வாடிக்கையாளர்கள். 1960 முதல் திருத்தணி தமிழ்நாட்டில் இருப்பதால், பக்கத்தில் ஆந்திராவிலுள்ள நகரிக்குச் சரக்கு போனாலும் அது வெளிமாநில விற்பனைதான்: ஐஜிஎஸ்டி பில் போட வேண்டும், மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும். தெலுங்கு பேசத் தெரிந்தவருக்கு இங்கே தனி மதிப்பு.

பொருளறிவே இதில் முதல். 6205 என்ற பேரிங்கின் கடைசி இரு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 25 மி.மீ. எண் தேய்ந்துபோன பேரிங்கை வாடிக்கையாளர் நீட்டும்போது, வெர்னியரால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 என்று அளந்து சொல்பவரை அவர் மறப்பதில்லை.

வெயிலில் பைக் அலைச்சல், மாத இலக்கு, கடன் வசூல் ஆகியவை இப்பணியின் சுமைகள். வசூலாகாத பாக்கிக்கு ஊழியரின் ஊக்கத்தொகையை நிறுத்துவது நியாயமற்ற வழக்கம். இத்தகைய ஊழியரின் பணி நிலைமைகளுக்காக 2025 வரை நடைமுறையில் இருந்த விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டம் (1976) முதலில் மருந்துத் துறைக்கே பொருந்தியது. 2011இல் வாகன உதிரிபாகம், மின்சாதனம், பெயின்ட் உள்ளிட்ட துறைகளுக்கும் நீண்டது. சட்டப்படியான உரிமைகளைக் கோர, பணி நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குவது அவசியம். அனுபவசாலிகள் கிளை மேலாளராகிறார்கள், அல்லது சொந்தமாக டீலர்ஷிப் எடுக்கிறார்கள்.