நம்மை வளர்த்த மண்ணும் நீரும்



யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், நமக்குச் சோறிட்ட திருவாலங்காட்டு மண்ணை நினைவுகூர்தல் நம் கடமையாகும்.

கி.பி. 11-ஆம் நூற்றாண்டில் முதலாம் இராசேந்திர சோழன், அருகிலுள்ள பழையனூரை இவ்வூர்க் கோயிலுக்கு அளித்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. பெண் யானையை நடத்தி எல்லை வகுத்தனராம். அத்துணை மதிப்பு விளைநிலத்திற்கு இருந்தது!

ஆயினும் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இங்கில்லை. கொசத்தலையாறு மழைக்காலத்தில் பெருகும். கோடையில் மணலாய்க் கிடக்கும். எனவே நம் முன்னோர் ஐப்பசி, கார்த்திகை மழையை ஏரிகளில் தேக்கி நெல் விளைவித்தனர். மேட்டு நிலத்தில் வேர்க்கடலை பயிரிட்டனர். ஏர் இழுத்தவையும், கவலை இறைத்தவையும், வயலுக்கு எரு தந்தவையும் மாடுகளே.

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி வட்டாரம், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லை மாறியது, வானம் பார்த்த வாழ்வு மாறவில்லை. பின்னர் மின்சாரப் பம்புகள் வந்தன. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இங்கு அமைந்தது. நீர் மிகுதியாய்க் கேட்கும் கரும்பு பெருகியது. கவலை மாடுகள் ஓய்ந்தன, கிணறுகள் ஆழமாயின, ஏரியைப் பேணும் பழக்கமோ தளர்ந்தது.

தந்தை ஆபிரகாமின் காலத்தில் வெட்டப்பட்டுத் தூர்ந்துபோன கிணறுகளை ஈசாக்கு மீண்டும் தோண்டினார் என மறைநூலில் வாசிக்கிறோம். முன்னோர் வெட்டிய ஏரிகளும் கால்வாய்களும் நம் கையில் உள்ளன. அடுத்த மழைக்குமுன் மண்வெட்டி ஏந்தி, சாதி சமய வேறுபாடின்றி ஊராரோடு சேர்ந்து அவற்றைத் தூர்வாருவோம். அதுவே நம் பிள்ளைகளுக்கு நாம் தரும் யூபிலிப் பரிசு. உழவரின் பாதுகாவலரான புனித இசிதோர் நமக்காக வேண்டுவாராக!