கோயிலுக்குப் பின்னாடி ஓடுற கானும் கிள்ளான் ஆறும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. முடிவுல ஒரு வேண்டுகோள் இருக்கு, ஒரு மன்னிப்பும் இருக்கு.

போன வெள்ளிக்கிழமை அன்னதானத்துல ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, அந்தக் காலத்துல எல்லாம் இப்படி வெள்ளம் வந்துச்சா? இப்போ கட்டடம் கட்டிக் கட்டித்தானே இப்படி ஆயிடுச்சு?" கையில சாம்பார் வாளி இருந்ததால அப்போ பதில் சொல்ல முடியல. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. நான் எஸ்பிஎம் வரைக்கும் படிச்ச ஆளு. ஃபேக்டரியில சூப்பர்வைசர் வேலை. ஆனா ஆத்தங்கரை எஸ்டேட்டுல பிறந்தவன். தெரிஞ்சதைச் சொல்றேன்.

தம்பி, வெள்ளம் அந்தக் காலத்துலயும் வந்துச்சு. கோலாலம்பூர்ங்கிற பேரே சேறு கலந்த ஆத்துச் சங்கமத்தைச் சொல்ற பேருதான். 1857-ல் ஈயம் தோண்டுறதுக்காக 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகு ஏறி வந்து, கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேருற இடத்துல இறங்கினாங்க. அதுக்கு மேல பெரிய படகு போகாது. இறங்கின இடமே ஊராச்சு. 1881-ல் அந்த ஊர் தீயில எரிஞ்சது. அதே வருஷம் வெள்ளத்துலயும் மூழ்கிச்சு.

ஆத்தங்கரையில ஊர் இருந்தா தண்ணி வரத்தான் செய்யும். ஆனா அது அடிக்கடி வர ஆரம்பிச்சதுக்குக் காரணம் ஈயச் சுரங்கம். ஈயம் எடுக்கணும்னா மண்ணைக் கரைக்கணும். தண்ணியைப் பீய்ச்சி அடிச்சு மண்ணைக் கரைப்பாங்க. கனமான ஈயம் அடியில தங்கும். மிச்ச மணலும் சேறும் ஓடைக்குப் போகும், ஓடையிலிருந்து ஆத்துக்குப் போகும். வருஷா வருஷம் ஆத்தோட அடிமட்டம் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறும். ஒரு அண்டாவில பாதி மணலைப் போட்டு வச்சா அது பிடிக்கிற தண்ணியும் பாதிதானே? அது மாதிரிதான். அதே மழைதான், ஆனா ஆறு சீக்கிரம் பொங்கிடும்.

இதுல முழுசா அடிபட்ட ஊர் ஒன்னு நம்ம சிலாங்கூர்லயே இருக்கு. ஃபிரேசர் மலைக்குப் போறப்போ நிறைய பேர் கோல குபு பாருவுல நின்னு சாப்பிட்டிருப்பீங்க. "பாரு"ன்னா புதுசு. அப்போ பழைய கோல குபு எங்கே? 1883-ல் அங்கே இருந்த பழைய அணை உடைஞ்சு ஊருக்குள்ள தண்ணி பாஞ்சது. வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தர் உட்படப் பல பேர் செத்தாங்க. அதுக்குப் பிறகும் ஊரைத் திரும்பக் கட்டினாங்க. ஆனா மேல இருந்த சுரங்கங்களிலிருந்து வந்த மணல் ஆத்தை நிரப்பிக்கிட்டே இருந்துச்சு, ஊர் திரும்பத் திரும்ப மூழ்கிச்சு. கடைசியில அரசாங்கமே கையை விரிச்சு, மேட்டுல புதுசா ஒரு ஊர் அமைச்சு, 1931 வாக்குல மக்களை மாத்திட்டாங்க. பழைய ஊர் மணலுக்கு அடியில போச்சு. ஆத்தைப் பராமரிக்காம விட்டதுக்கு ஒரு ஊரையே விலையா கொடுத்தாங்க.

1926 டிசம்பர்ல தீபகற்பம் முழுக்கப் பெருவெள்ளம். கோலாலம்பூர் நடுவுலயும் தண்ணி. அதுக்குப் பிறகுதான் நகரத்துக்குள்ள கிள்ளான் ஆற்றை நேராக்கி, அகலப்படுத்தி, கரை கட்டினாங்க. 1932-ல் வடிகால், நீர்ப்பாசனத் துறைன்னு தனியா ஒரு துறையே வந்துச்சு. இன்னைக்கு நாம ஜேபிஎஸ்-ன்னு சொல்றது அதைத்தான். 1971 ஜனவரியில மறுபடியும் கோலாலம்பூர் மூழ்கிச்சு. 32 பேர் இறந்தாங்க. ஏறக்குறைய 1,80,000 பேர் பாதிக்கப்பட்டாங்க. அதுக்கு அப்புறம் வெள்ளத் தடுப்பு ஆணையம், பத்து அணை, 2007-ல் 9.7 கிலோமீட்டர் நீள ஸ்மார்ட் சுரங்கப்பாதை எல்லாம் வந்துச்சு. பெரிய வெள்ளம் வந்தா பெரிய திட்டம் வரும், இது நம்ம நாட்டு வழக்கம். திட்டம் நல்லதுதான். ஆனா பெரிய திட்டத்துக்கும் நம்ம வீட்டு லோங்காங்குக்கும் நடுவுல இருக்கிற சின்னக் கானையும் ஓடையையும் யார் பார்க்கிறது?

இங்கேதான் நம்ம ஜனங்களோட கதை வருது. கிள்ளான் கடலோரப் பகுதி தாழ்வான நிலம், களிமண், சதுப்பு. கான் வெட்டாம அங்கே காப்பியும் வராது, ரப்பரும் வராது. நம்ம பாட்டன்மார் மண்வெட்டி பிடிச்சு கான் வெட்டினாங்க, ஆத்தங்கரையில மண்கரை போட்டாங்க. பட்டணத்துல சாக்கடை அள்ளுற வேலையும் பெரும்பாலும் நம்ம ஆளுங்க கையிலதான் இருந்துச்சு. ஊர்ல ஏரி, வாய்க்காலைக் குடிமராமத்துன்னு கூடிச் செஞ்ச ஜனங்கதானே நாம.

என் அப்பா கான் வெட்டுற கூட்டத்துல இருந்தவர். எங்க எஸ்டேட்டுல ஆத்தோரமா ஒரு தண்ணிக் கதவு இருந்துச்சு. கடல் ஏறும்போது ஆத்துத் தண்ணி உள்ளே வராம மூடணும். கடல் இறங்கும்போது உள்ளே இருக்கிற மழைத்தண்ணி வெளியே போகத் திறக்கணும். அதுக்குன்னே ஒரு தாத்தா இருந்தார். ராத்திரி ரெண்டு மணின்னாலும் லாந்தர் எடுத்துக்கிட்டுப் போவார். அவருக்கு கடிகாரம் கிடையாது. திதி தெரியும். அமாவாசை, பௌர்ணமி வந்தா கடல் ரொம்ப ஏறும்னு அவருக்குத் தெரியும். போர்ட் கிள்ளான்ல அந்த மாதிரி நாட்கள்ல கடல் 5 மீட்டரைக்கூடத் தாண்டும்.

எஸ்டேட் வித்துப் போச்சு. தாமான் வந்துச்சு. தாத்தாவும் போயிட்டார். அவர் செஞ்ச வேலை யாரோட வேலைன்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இல்லை. ஃபேக்டரியில நான் தினமும் பார்க்கிறதும் இதுதான். மெஷின் வாங்குறதுக்குப் பணம் கிடைக்கும், திறப்பு விழா நடக்கும். கிரீஸ் போடுறதுக்கு ஆள் கேட்டா மட்டும் "அப்புறம் பார்க்கலாம்"னு சொல்வாங்க. வருஷம் முழுக்க ஓட்டிப் பார்க்காத பம்ப், தேவைப்படுற அன்னைக்கு ஓடாது.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. மார்கழி மூணாம் நாள். மறுநாள் பௌர்ணமி. தென் சீனக் கடல்லிருந்து வந்த காற்றழுத்தத் தாழ்வால விடாம மழை. ஒரு மாசத்துல பெய்யுற மழை ஒரே நாள்ல கொட்டிச்சு. மேல இருந்து மழைத்தண்ணி வருது, கீழே பௌர்ணமிக் கடல் ஏறி நிக்குது. ஆறு எங்கே போகும்? ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவுல ஜனங்க மாடியில மாட்டிக்கிட்டு ராத்திரி பகலா காத்திருந்ததை நாம மறக்க முடியாது. கரைங்கிறது ரெண்டு பக்கமும் வேலை செய்யும். ஆத்துத் தண்ணி உள்ளே வராம தடுக்கிற அதே கரை, உள்ளே வந்துட்ட தண்ணி வெளியே போகாமயும் தடுக்கும். அப்போ பம்பும் கதவும் கானும் சரியா இருந்தாதான் தப்பிக்கலாம். அந்தப் பருவத்துல நாடு முழுக்க ஐம்பதுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. நட்டம் 610 கோடி ரிங்கிட்னு அரசாங்கப் புள்ளிவிவரம் சொல்லுது. கோயில்களும் குருத்துவாராக்களும் சமைச்சு அனுப்பின சாப்பாட்டைச் சாதி மதம் பார்க்காம எல்லாரும் சாப்பிட்டாங்க.

நம்ம கோயிலுக்குள்ளயும் அன்னைக்கு முட்டி அளவு தண்ணி. மடப்பள்ளி அரிசி மூட்டை எல்லாம் போச்சு. கருவறைப் படி வரைக்கும் தண்ணி வந்ததைப் பார்த்து குருக்கள் ஐயா கண் கலங்கினார்.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். பக்கத்துத் தெருக்கள்ல மறுநாளே தண்ணி இறங்கிடுச்சு. நம்ம கோயில்ல மட்டும் மூணு நாள் நின்னுச்சு. ஏன்னு பார்க்க, பின்னாடி இருக்கிற கானோட கான்கிரீட் மூடியைத் தூக்கினோம். உள்ளே இருந்தது நம்ம மாலைகள். வாழை இலை, தேங்காய் நார், பால் பாக்கெட், சாமிக்குச் சாத்தின துணி. எல்லாம் சேத்தோட இறுகிக் கெட்டியா அடைச்சுக்கிட்டு இருந்துச்சு.

அதை அங்கே தள்ளச் சொன்னது வேற யாரும் இல்லை, நான்தான். குப்பை லாரி லேட்டா வரும், நிர்மால்யத்தைக் குப்பைத் தொட்டியில போடக்கூடாதுன்னு பெரியவங்க சொல்றாங்க. "தண்ணியில விட்டா தோஷம் இல்லை"ன்னு சொல்லி, சுத்தம் பண்ற பிள்ளைங்ககிட்ட பல வருஷமா கான்ல தள்ள வச்சேன். ஓடுற ஆத்துல ஒரு பூ விடுறது வேற, அடைஞ்ச கான்ல மூட்டை மூட்டையா தள்றது வேற. கான் வெட்டினவரோட மகனுக்கு இது தெரிஞ்சிருக்கணும். வெள்ளம் வந்ததுக்கு நம்ம மாலை காரணம் இல்லை, அது ஆறும் கடலும் மழையும். ஆனா வந்த தண்ணி போகாம நின்னதுக்கு நாமும் காரணம், முக்கியமா நான் காரணம். இத்தனை நாள் இதை வெளியே சொல்லாம இருந்ததுக்கு எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.

நிர்வாகத்துல பேசிட்டோம். இனிமே நிர்மால்யத்துக்குத் தனி டிரம். பூவும் இலையும் மக்க வச்சு நந்தவனத்துக்கு உரமாகும். நெகிழிப்பை சுத்தின மாலை வேண்டாம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முந்தின நாள் ரெண்டு தொண்டர்கள் கான் மூடியைத் திறந்து பார்த்து நோட்டுல எழுதி வைக்கணும். பூஜைக்கு நாள் பார்க்கிற அதே காலண்டர்தான், மறக்காது. கோயில் எல்லைக்கு வெளியே இருக்கிற அடைப்பை நகராண்மைக்கழகத்துக்குப் படத்தோட புகார் கொடுப்போம், பதில் வரும் வரைக்கும் விடாம கேட்போம்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்குக் கோத்தோங் ரோயோங். மண்வெட்டி இருக்கிறவங்க கொண்டு வாங்க, பூட்ஸ் கண்டிப்பா போட்டு வாங்க. பசியாற இட்லி கோயில்ல உண்டு. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க. அவங்க பாட்டன் பூட்டன் செஞ்ச வேலை என்னன்னு நேர்ல பார்க்கட்டும்.

கேள்வி கேட்ட தம்பி, நீங்களும் வந்துடுங்க. முதல் மூடியை நாம ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கலாம்.

எல்லாருக்கும் அம்மன் துணை.