லயத்துப் பின்புறம்: கெடாத் தோட்டத் தமிழரின் காய்கறிப் பாத்திகள்



கெடாவின் தமிழ் வரலாறு என்றவுடன் நம் நினைவு பூஜாங் பள்ளத்தாக்கிற்கும், 1025ஆம் ஆண்டின் சோழர் கடற்படையெடுப்பிற்கும் செல்கிறது. ‘கடாரம் கொண்டான்’ என்னும் பட்டத்தை நாம் மறப்பதில்லை. ஆயினும் நம் பாட்டன் பாட்டியரின் வரலாறு அரசர்களின் பட்டங்களில் இல்லை. சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில், லயத்து வீடுகளுக்குப் பின்னால் அவர்கள் அமைத்த காய்கறிப் பாத்திகளைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

இந்நாட்டுத் தமிழில் ‘தோட்டம்’ என்றால் முதலில் ரப்பர்த் தோட்டத்தையே குறிக்கும். நிறுவனத்தின் பல்லாயிரம் ஏக்கருக்கும், கத்தரியும் வெண்டையும் நட்ட சில அடி நிலத்திற்கும் ஒரே சொல்தான். பெரிய தோட்டத்தில் தொழிலாளி கூலிக்கு உழைத்தார். சிறிய தோட்டத்தில் தம் குடும்பத்திற்காக உழைத்தார். இரண்டுமே அவருக்கு உடைமையல்ல. லயத்துத் தோட்டத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இவ்வுண்மையே திறவுகோல்.

1909இல் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்பிற்குக் கெடா மாறியது. அதன்பின் தென்கெடாவில் ரப்பர் பரவியது. கங்காணிகள் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர் மக்கள் இங்கு வந்து சேர்ந்தனர். கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிரிட ஒதுக்கவேண்டும் என்றது. அது ஏறத்தாழ 2,700 சதுர அடி. பக்கத்திற்கு 52 அடி கொண்ட ஒரு சதுரம். கெடா அக்கூட்டில் சேராத மாநிலமாதலால் அச்சட்டம் அதனைக் கட்டுப்படுத்தவில்லை. எனினும் கெடாவின் லயங்களிலும் பாத்திகள் எழுந்தன. தொழிலாளி தம் காய்கறியைத் தாமே விளைவித்தால் குறைந்த கூலியிலும் குடும்பம் தாங்கும். குடும்பம் வேரூன்றினால் ஆள் தோட்டத்தைவிட்டுப் போகார். நிலம் ஒதுக்குவதில் நிர்வாகத்திற்கும் ஆதாயம் இருந்தது.

விடியலில் பால்மரம் வெட்டப் போனவர்கள், பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பிற்பகலில் மண்வெட்டியை எடுத்தனர். மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் உரமாயின. பாத்திரம் கழுவிய நீர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் சென்றது. வேலியோரம் முருங்கை, பந்தலில் அவரையும் புடலையும் பாகலும், தரையில் முளைக்கீரையும் மிளகாயும் என, குறுகிய நிலத்தை உயரத்தாலும் பெருக்கிக்கொண்டனர். ஆண்டின் தொடக்கத்தில் கெடாவில் வறட்சி நிலவும். அதையொட்டி ரப்பர் மரம் இலையுதிர்க்க, பாலும் குறையும், வருவாயும் குறையும். மழை பெய்யும் காலைகளில் வெட்டே நடவாது. அத்தகைய நாள்களில் குழம்புச் சட்டிக்கு வழி செய்தது இப்பாத்தியே. அதைப் பேணியவர்களில் பெண்களே முதன்மையானவர்கள். ஆனால் பால்மரம் வெட்டிய கணக்கு கிராணியின் ஏட்டில் ஏறியதுபோல் இவ்வுழைப்பு எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, மலாயாவிலிருந்து ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டனர். வேலை போனவருக்கு வீடும் போயிற்று. காய்த்துக்கொண்டிருந்த பந்தலும் போயிற்று. பாத்தி பசியைத் தடுத்தது. வெளியேற்றத்தைத் தடுக்க அதனால் இயலவில்லை.

1941 டிசம்பரில் ஜித்ரா போருக்குப்பின் கெடா ஜப்பானியர் வசமாயிற்று. 1943 அக்டோபரில் சயாமிடம் ஒப்படைக்கப்பட்டது. அரிசி அரிதாயிற்று. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆண் துணை இழந்த குடும்பங்களை மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் காத்தன. அக்கிழங்கின் நினைவு இன்றும் மூத்தோர் பேச்சில் வறுமையின் பெயராகவே வருகிறது.

1948இல் அவசரகாலம் பிறந்தது. காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கு உணவு போய்ச் சேராதிருக்க, 1950இலிருந்து பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் தோட்ட மக்களும் வேலிகளுக்குள் குவிக்கப்பட்டனர். போர்க்காலத்தில் உயிர் காத்த உணவுப்பயிர், இப்போது ஐயத்திற்குரிய பொருளாயிற்று.

விடுதலைக்குப்பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, நிலமின்றி வாழ்வதன் பொருள் தெளிவாயிற்று. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சேமிப்பால் அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம் என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்கது. பாத்தியில் உழைத்த மக்கள், பெரிய தோட்டத்திலும் பங்குடையவராகலாம் என்பதை அது காட்டியது. ஆயினும் பெரும்பாலோர்க்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. செம்பனை வந்தது, லயங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே நடைவழியில் பழைய வாளிகளில் கறிவேப்பிலையும் மிளகாயும் வளர்வதைக் காண்கிறோம். அது வெறும் பொழுதுபோக்கன்று. மூன்று தலைமுறை கற்ற தொழிலறிவின் எச்சம்.

ஆசிரியர்களே, அவ்வறிவைப் பெற்றிருப்போர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். உங்கள் மாணவர் ஒவ்வொருவரையும் ஒரு மூத்தவரிடம் அனுப்புங்கள். லயத்தின் பின்புறத்தில் என்ன நட்டீர்கள், விதை எங்கிருந்து வந்தது, நீர் எப்படிக் கிடைத்தது, தோட்டத்தைவிட்டுப் புறப்பட்ட நாளில் எந்தச் செடியை உடன் எடுத்து வந்தீர்கள் என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். கிராணியின் ஏட்டில் ஏறாத அவ்வுழைப்பு, நம் பிள்ளைகளின் ஏட்டிலாவது ஏறட்டும்.